முதலில் வாங்க வருபவருக்கு என்ன பெயர்?

இடம்பெயர்ந்து வந்து சிறு வியாபாரம் ஒன்றைத் தொடங்கியிருக்கும் குடும்பத்தாரிடம் "எத்தனை வாடிக்கை பிடித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் உடனே ஒரு தொகை சொல்வார்கள். இருபது, முப்பது, சிலவேளை ஐம்பது. அந்தத் தொகையைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் பலவகை மனிதர் இருப்பர். ஒரே ஊரிலிருந்து வந்து பக்கத்து அறையில் குடியிருப்பவர் ஒருவர். பூசை முடிந்து போகும்போது, பாவம் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள் என்று எண்ணி ஒரு பொதி வாங்கியவர் இன்னொருவர். காசைப் பிறகு தருகிறேன் என்று எடுத்துச் சென்றவர் வேறொருவர். அந்தச் சாமான் உண்மையாகவே தேவைப்பட்டு, விலை கேட்டு, காசைக் கொடுத்து வாங்கியவரும் அதற்குள் எங்கோ இருப்பார். இத்தனை பேரையும் ஒரே சொல்லுக்குள் அடக்கி 'வாடிக்கையாளர்' என்கிறோம்.

சொல்லில் என்ன இருக்கிறது, காசு வந்தால் போதாதா என்று கேட்கலாம். வயல் செய்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் தேவையில்லை. சூடடித்து முடிந்ததும் களத்தில் கிடக்கும் நெல் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் விதைநெல், சாப்பாட்டு நெல், விற்கும் நெல், பதர் என்று பெயர் சொல்லித்தான் பிரித்து வைத்தோம். எந்த மூட்டை எங்கே போகும் என்பதைப் பெயரே தீர்மானித்தது. விதைநெல்லை அவித்துச் சாப்பிட்டவர் அடுத்த போகத்துக்கு என்ன செய்வார்? புதிய வியாபாரத்தில் முதலில் வருபவர்களையும் இவ்வாறு பிரித்துப் பெயரிட வேண்டியுள்ளது. கையிலிருக்கும் சிறு முதல் தப்புவதும் கரைவதும் பெரும்பாலும் இந்தப் பிரிப்பில்தான் தங்கியிருக்கிறது.

கொச்சிக்கடையில் யார் வருகிறார்கள்?

கொழும்புத் துறைமுகத்தை அடுத்திருக்கும் கொச்சிக்கடையை எடுத்துக்கொள்வோம். நீர்கொழும்புக்கு அப்பாலுள்ள கொச்சிக்கடை வேறு. இந்த ஊரின் பெயரிலேயே ஒரு கடை இருக்கிறது. கொச்சியிலிருந்து வந்தவர் வைத்த கடையால் வந்த பெயர் என்று ஊர்வழக்கில் சொல்வர். ஒரு பக்கம் புனித அந்தோனியார் திருத்தலம். சற்றுத் தள்ளி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். நடந்து போகும் தூரத்தில் ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை, ஐந்துலாம்புச் சந்தி. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கிய குடும்பங்களுக்கு இந்தப் பகுதி புதியதல்ல. மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா, புழுக்கொடியல், மோர்மிளகாய், வடகம், பனங்கட்டி என்று ஊர்ச் சாமான்களை வைத்து இங்கும் வெள்ளவத்தையிலும் பிழைப்பைத் தொடங்கியவர்கள் பலர்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். கத்தோலிக்கர், இந்துக்கள், பௌத்தர் என்ற பேதமில்லாமல் மெழுகுதிரியோடும் பூமாலையோடும் வரிசையில் நிற்பார்கள். அன்றைக்குத் தெருவில் எதை வைத்தாலும் ஓரளவு விற்கும். அதைப் பார்த்துவிட்டு, "செவ்வாயில் எனக்கு நாற்பது வாடிக்கை" என்று கணக்கிடுவது இலகு. ஆனால் வருபவர் யார்? அவர் நேர்த்தி வைத்து வந்தவர். ஒன்பது செவ்வாய் என்று வேண்டிக்கொண்டிருந்தால் ஒன்பது வாரமும் வருவார், ஒன்பது வாரமும் போகிற வழியில் உங்களிடம் ஒரு பொதி வாங்கவும் கூடும். பத்தாவது வாரம் காணமாட்டீர்கள். அவர் அந்தோனியாருடைய வாடிக்கை, உங்களுடையவர் அல்லர்! அவருக்கு நன்றியோடு விற்கலாம். அவரை நம்பி மிளகாய் மூட்டை எடுக்கக் கூடாது.

இது வெறும் தர்க்கம் அல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இத்திருத்தலத்தில் நடந்த குண்டுத்தாக்குதலை நாம் யாரும் மறக்கவில்லை. திருத்தலம் திருத்தி அமைக்கப்பட்டு அவ்வாண்டு யூன் 12இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இழந்த உயிர்களுக்கு முன் வியாபாரக் கணக்குப் பேசுவது சரியல்ல என்பது நமக்குத் தெரியும். இருந்தும் வாசலில் பிழைத்தவர்களுக்கு அந்த வாரங்களிலும் வயிறு இருந்தது. கூட்டத்தை மட்டும் நம்பிய வியாபாரத்துக்குக் கூட்டம் நின்றதும் எதுவும் மிஞ்சாது. தன்னிடம் வாங்குபவர் எந்த ஒழுங்கையில், எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகலாம்.

வழக்கிலுள்ள சொற்கள்

முதலில் வாங்குபவருக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுக் கடைகளில் நாளின் முதல் விற்பனையைப் 'போணி' என்பார்கள். ஹிந்தியிலிருந்து வந்த சொல் அது. காலையில் போணி ஆகாமல் கடன் கொடுக்கமாட்டார்கள். நம்மிடையே வருடப்பிறப்பன்று பெரியவர்கள் கையால் வாங்கும் காசு 'கைவிசேடம்'. கைவியளம் என்றும் சொல்வோம். சிங்கள மக்களும் புத்தாண்டன்று நல்ல நேரம் பார்த்துக் 'கனுதெனு' செய்கிறார்கள். முதல் கொடுக்கல் வாங்கல் நல்ல கையால் நடக்கவேண்டும் என்ற எண்ணம் இரு சாராருக்கும் பொது. அதிலிருந்தே 'கைராசிக்காரர்' என்ற சொல்லும் வருகிறது.

அழகான சொல்தான். ஆனால் வியாபாரக் கொப்பிக்கு உதவாது. முதலில் வாங்கியவர் கைராசிக்காரர் என்றால் வியாபாரம் நன்றாகப் போனால் அது அவர் கை, படுத்தால் அதுவும் அவர் கை. மாவில் ஈரம் இருந்ததா, பொதி பிரிந்ததா, விலை கூடவா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமேயில்லை.

'ஆதரவாளர்' என்ற சொல்லும் உண்டு. விளம்பரங்களில் "எமது ஆதரவாளர்களுக்கு" என்று போடுவார்கள். இதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்தான சொல் என்பது நமது எண்ணம். இடம்பெயர்ந்த குடும்பத்திடம் முதலில் வாங்குபவர் பலர் இரக்கத்தால் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை, அன்பு இன்னும் உலகில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் இரங்கி வாங்குபவர் குறை சொல்லமாட்டார். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்பார். உங்கள் மோர்மிளகாயில் உப்புக் கூடிப்போயிருக்கும். அவர் அதை ஒரு மூலையில் வைத்துவிட்டு அடுத்த மாதமும் ஒன்று வாங்குவார். நீங்களும் அதே உப்போடு இன்னும் ஐந்து கிலோ போடுவீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஒரே நாளில் சொல்லியிருக்கக்கூடிய குறையை இரக்கக்காரர் ஆறு மாதம் மறைத்து வைத்துவிடுகிறார். ஆறு மாதத்தில் அவர் கைக்கும் அலுத்துவிடும்.

விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுபவர் மீது நமக்குக் கோபம் வருவது இயல்பு. ஆயினும் அவர்தான் உண்மையான கொள்வனவுக்காரர். அந்தச் சாமான் அவருக்குத் தேவை. வேறு கடை விலையும் அவருக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறார்.

சட்டத்துக்கு வேறொரு சொல் இருக்கிறது: 'நுகர்வோர்'. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் பெயரிலும் அது உண்டு. பொதியில் விலையும் திகதியும் போடும்போது நாம் மனத்தில் வைக்கவேண்டியவர் இந்த நுகர்வோரே. அதற்கு மேல் அந்தச் சொல் நமக்கு இங்கே உதவவில்லை. முதலாமவரும் நுகர்வோர்தான், ஆயிரமாவது ஆளும் நுகர்வோர்தான்.

இனி 'வாடிக்கை'. வாடிக்கை என்றால் வழக்கம். வழக்கமாக வருபவர் என்ற பொருளிலேயே அது ஆளைக் குறிக்கிறது. ஒரு முறை வந்தவர் எப்படி வழக்கமாக வருபவர் ஆவார்? சொல்லே நமக்குச் சொல்லித் தருகிறது, நாம்தான் கேட்பதில்லை. ஆகவே நமது பரிந்துரை மிகச் சாதாரணமானது. முதல் தரம் வாங்கியவரைக் கொப்பியில் 'வந்தவர்' என்று எழுதுங்கள். தன் காசில், முழு விலைக்கு, நீங்கள் கூப்பிடாமலே இரண்டாம் தரம் வந்தவரைத் 'திரும்பி வந்தவர்' என்று எழுதுங்கள். மூன்றாம் நான்காம் தரமும் அப்படியே வந்தால் அப்போது வாடிக்கை என்று சொல்லுங்கள். ஐம்பது பேர் என்று சொன்ன குடும்பத்தின் கொப்பியில் திரும்பி வந்தவர் ஆறு பேராக இருக்கலாம். மனம் சற்றுச் சோர்ந்துபோகும். ஆனால் அடுத்த கிழமைக்கு எத்தனை கிலோ மிளகாய் வாங்கலாம் என்பதை அந்த ஆறுதான் சொல்லும்.

கடனுக்கு எடுத்துச் சென்றவர்

ஒரே ஊரவர் என்றால் கடன் மறுக்க முடியாது. நேற்றுவரை ஒரே முகாமில், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவரிடம் எப்படிக் காசு கேட்பது? "கடன் அன்பை முறிக்கும்" என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் கடையிலும் உள்ளே ஒரு கடன் கொப்பி இருக்கும்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு பொதி மிளகாய்த்தூள் அடக்கவிலை 80 ரூபா, விற்கும் விலை 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 4000 ரூபா முதல் போட்டு 50 பொதி செய்கிறீர்கள். 10 பொதியை ருசி பார்க்கவென்று சும்மா கொடுக்கிறீர்கள். 15 பொதி கடனுக்குப் போகிறது. 25 பொதி காசுக்கு விற்கிறது. கையில் 2500 ரூபா. அடுத்த தரம் 31 பொதிதான் செய்யலாம். கடன் வராமலே அந்த 31இலும் 9 பொதி கடனுக்குப் போனால் கையில் 2200 ரூபா, அதற்கு அடுத்த தரம் 27 பொதி. வருபவர் தொகை கூடிக்கொண்டே போகிறது, செய்யும் பொதி குறைந்துகொண்டே போகிறது. முதல் தரத்துக் கடன் 1500 ரூபா முழுவதும் திரும்பி வந்தாலும் அந்தத் தரத்தின் மொத்தம் 4000 ரூபா. போட்ட முதல் வந்ததே தவிர, வெயிலில் மிளகாய் காயவைத்த கைக்குக் கூலி ஒரு சதமும் இல்லை.

விலைவாசி ஏறும் காலத்தில் இது இன்னும் மோசமாகும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை அண்மித்தது. அவ்வாண்டு மாசியில் கொடுத்த கடன் ஆவணியில் அப்படியே வந்திருந்தாலும் அதே அளவு மிளகாயை வாங்கியிருக்க முடியாது.

ஆதலால் கடனுக்கு எடுத்தவரை வாங்கியவர் என்று எழுத வேண்டாம். நம்மிடம் 'கைமாத்து' என்ற நல்ல சொல் இருக்கிறது. கொப்பியின் பின்பக்கத்தில் கைமாத்து என்று தலைப்பிட்டு அங்கே எழுதுங்கள். காசு வந்த அன்று முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். அவருக்குச் சாமானும் கொடுத்து, முதலும் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குரிய பெயர் அதுதான். சும்மா கொடுத்த பத்துப் பொதியும் தேவைதான், ஆனால் அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒரு யோசனை இருக்க வேண்டும். அந்த யோசனைக்கு வயல் மனிதர்களிடமே போவோம்.

ஐயோவாவின் சோள விதை

புதிய பொருளை முதலில் ஏற்பவர்களுக்கு இன்று உலகெங்கும் வியாபாரக் கல்வியில் வழங்கும் பெயர்கள் ஒரு வயலிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை அறிமுகமானபோது எந்த விவசாயி எப்போது, யார் சொல்லி அதற்கு மாறினார் என்று பிறைஸ் ரயன், நீல் குரொஸ் என்ற இரு சமூகவியலாளர் ஆராய்ந்தார்கள். அவர்களது கட்டுரை 1943இல் வெளிவந்தது. 259 விவசாயிகளில் இருவரைத் தவிர மற்றெல்லோரும் 1928க்கும் 1941க்கும் இடையில் புதிய விதைக்கு மாறியிருந்தனர். நல்ல விதை என்று தெரிந்தும் பதின்மூன்று ஆண்டுகள்! மாறியவர்களும் முதல் ஆண்டிலேயே முழுக் காணியிலும் விதைக்கவில்லை. ஒரு மூலையில் சிறிது போட்டுப் பார்த்தார்கள். விதை இருக்கிறது என்ற செய்தியை விற்பனைக்காரர் கொண்டுவந்தார். விதைக்கலாம் என்ற துணிவை அடுத்த வளவுக்காரர் கொடுத்தார்.

இந்த ரயன் 1940களின் இறுதியில் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குச் சமூகவியல் பேராசிரியராக வந்தவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. இலங்கையின் சாதி அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1953இல் வெளியானது.

பின்னர் எவரெற் றொஜர்ஸ் என்பவர் 1962இல் எழுதிய நூலில் இப்படி ஏற்பவர்களை ஐந்து வகையாக்கிப் பெயர் வைத்தார். அவரும் ஐயோவாவின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவரது தகப்பனார் புதிய இயந்திரங்களை விரும்பியவர், ஆனால் கலப்பின விதையைப் பல ஆண்டுகள் தொடவில்லை. 1936ஆம் ஆண்டு வறட்சியில் பக்கத்து வயல்களில் கலப்பினச் சோளம் நின்று பிடிக்க, தமது பயிர் வாடியதைக் கண்டபின்பே மாறினார். றொஜர்ஸ் கணக்கில் நூற்றுக்கு 2.5 வீதத்தினர் துணிந்து முன்வருவோர். அடுத்த 13.5 வீதத்தினர் முன்னதாக ஏற்போர். கடைசி 16 வீதத்தினருக்கு அவர் வைத்த பெயர் 'பின்தங்குவோர்'.

இதில் நாம் கவனிக்க வேண்டியது முதல் இரு வகையினருக்கும் இடையிலுள்ள வேறுபாடு. துணிந்து முன்வருபவர் எதையும் முதலில் வாங்கிப் பார்ப்பார். ஊரார் அவரை ஒரு மாதிரியான ஆள் என்றே நினைப்பர், அவரைப் பார்த்து வேறொருவரும் வாங்கமாட்டார். இரண்டாமவர் அப்படியல்ல. நிதானமாகப் பார்த்து வாங்குவார், அவரிடம் மற்றவர் கேட்டு வருவார்கள். கொச்சிக்கடையில் ஒவ்வொரு தொடர்மாடியிலும் ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி ஓர் ஆள் இருக்கிறார். கலியாண வீட்டுக்குச் சமைக்கப் போகும் அம்மாவாக இருக்கலாம். தேநீர்க்கடைக்காரராக இருக்கலாம், துறைமுகத்தில் வேலை செய்து நாலுபேருக்குச் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்பவராகவும் இருக்கலாம். அவர் "இந்தத் தூளில் கறி நல்ல நிறம்" என்றால் மாடி முழுக்க வாங்கும். சும்மா கொடுக்கும் பொதியை உறவினருக்குக் கொடுக்காமல் இவருக்குக் கொடுங்கள். 'கூட்டி வந்தவர்' என்று கொப்பியில் இவருக்கொரு பெயர் வையுங்கள்.

கடைசி வகைக்கு வைத்த பெயரை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. பிந்தி வாங்குபவர் மந்தமானவர் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. சிறு காணிக்காரனுக்கு ஒரு போகம் பிழைத்தால் வீடே பிழைக்கும். அவன் பொறுத்துப் பார்ப்பது புத்தி. இத்தகைய பெயர்கள் குறையை ஆளின் தலையில் சுமத்திவிடுகின்றன என்பதைப் பிற்காலப் பதிப்புகளில் றொஜர்ஸும் பேசினார். நமக்கும் இது பழக்கமான நோவு. நிவாரண அட்டையிலும் கடன் திட்டப் பத்திரத்திலும் நமது பெயருக்கு நேரே 'பயனாளி' என்று எழுதினார்கள். எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் பல ஆண்டுகள் பயனாளியாக இருந்த குடும்பம் கடை வைத்ததும், வாங்க வருபவரை உபகாரியாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கிறது, அளவுக்கு மேல் அள்ளிப் போடுகிறது, மீதிக் காசை வாங்கவே கூச்சப்படுகிறது. மிளகாய்த்தூளுக்கு 100 ரூபா கொடுத்தவர் உபகாரம் செய்யவில்லை. 100 ரூபா பெறுமதியான தூளைக் கொண்டுபோகிறார்.

பங்கு போட்டவர்

வாங்க வருபவரையே உரிமைக்காரர் ஆக்கியவர்களும் உண்டு. நமது சங்கக்கடைகளின் வேர் அங்கேதான். 1844 டிசெம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெசவாளரும் வேறு தொழிலாளருமாக 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுண் பங்கு. வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி, இவ்வளவுதான் சாமான். அங்கே முதலில் வாங்கியவர்களுக்குப் பெயர் 'அங்கத்தவர்'. வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தில் பங்கு. கடன் கிடையாது, அங்கத்தவருக்கும் கிடையாது. ஏழைகள் ஏழைகளுக்காக வைத்த கடையில் இந்த விதியை ஏன் வைத்தார்கள் என்பதை மேலே சொன்ன மிளகாய்க் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

தமிழில் 'முதல்' என்ற ஒரே சொல் தொடக்கத்தையும் குறிக்கும், போட்ட காசையும் குறிக்கும். றொச்டேலில் முதலில் வந்தவர் முதலும் போட்டவர். இன்று நமது பெண்கள் சிலர் ஐந்தாறு பேராகச் சேர்ந்து மா இடித்து, அந்த ஐந்தாறு வீடுகளுக்கும் மாதாந்தம் மா கொடுத்து, மிச்சத்தை வெளியே விற்கலாம். அப்போது தங்கள் வீட்டுக்கு வாங்கியதையும் காசு கொடுத்தே வாங்கி, கொப்பியில் அங்கத்தவர் என்று தனியே எழுத வேண்டும். வீட்டுக்கு எடுத்ததை விற்பனை என்றும் சொல்லக் கூடாது, சும்மா எடுத்ததாகவும் விடக் கூடாது.

ஒரே ஒரு பெரிய ஆள்

சில குடும்பங்களுக்கு முதலில் வாங்குபவர் ஒரு நிறுவனமாக இருக்கும். ஒரு விடுதி, ஒரு மடம், ஓர் உதவி நிறுவனம். மாதம் இருபது கிலோ எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். பெரிய ஆறுதல்தான். இந்தியாவில் குஜராத்தின் கைரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் 1946இல் கூட்டுறவாகச் சேர்ந்தபோது அவர்களுக்கும் அப்படி ஒரு பெரிய ஆள் கிடைத்தார்: பம்பாய் அரசின் பால் திட்டம். ஆனால் எருமைகள் மாரிகாலத்தில் அதிகம் கறக்கும், கோடையில் குறைவாகக் கறக்கும். மாரியில் மிஞ்சிய பாலைப் பம்பாய் எடுக்க முடியவில்லை. கறந்த பாலை என்ன செய்வது? 1955இல் ஆனந்தில் பால்மாவும் வெண்ணெயும் செய்யும் ஆலை வந்த பிறகே அந்தச் சிக்கல் தணிந்தது. அமுல் என்ற பெயரில் வீடுவீடாகப் போன பொருட்கள் அந்த ஊரிலிருந்தே வந்தன.

நம்மால் ஆலை கட்ட முடியாது. இருபது கிலோ எடுக்கும் விடுதியை வாடிக்கை என்று எழுதாமல் 'ஒப்பந்தம்' என்று எழுதலாம், எப்போது முடியும் என்று திகதியும் போடலாம். அங்கே பொறுப்பாளர் மாறினாலும் நிதி நின்றாலும் அந்த இருபது கிலோ ஒரே நாளில் நின்றுவிடும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து கிலோவைத் தெருவில் தெரியாதவருக்கு விற்றுப் பழகியிருக்க வேண்டும்.

வாயில் ஒன்று, கொப்பியில் ஒன்று

இவையெல்லாம் கொப்பிக்குரிய பெயர்கள். ஆளின் முகத்துக்கு நேரே அழைப்பது வேறு. ஊரில் அண்ணை, அக்கா, தம்பி, பிள்ளை என்று அழைத்து விற்றோம். கொச்சிக்கடையில் சிங்களத் தாய்க்கு அக்கா என்பது அப்படியே பொருந்தும், அவர்களும் அக்காவை அக்கா என்றே சொல்கிறார்கள். இளைஞனை மல்லி, இளம் பெண்ணை நங்கி என்றால் முகம் மலரும். முஸ்லிம் சகோதரரை நானா என்றும், அவர் வீட்டுப் பெண்ணைத் தாத்தா என்றும் அழைப்பர். ஊரில் தாத்தா என்றால் கிழவர் என்று நினைத்து வந்தவர்கள் முதலில் சற்றுத் தடுமாறுவார்கள்! வயதுபோன துரைமாரை மாத்தயா என்பது இன்னும் வழக்கிலுண்டு. இவ்வாறு அழைப்பதால் விலை குறையவேண்டியதில்லை. அக்கா என்று அழைத்து, 100 ரூபா வாங்கி, உள்ளே போய் 'வந்தவர்' என்று எழுதலாம்.

கொப்பிக்குப் பெரிய செலவு இல்லை, பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதாத தாள்கள் போதும். திகதி, ஆளுக்கு ஓர் அடையாளம், என்ன வாங்கினார், காசா கைமாத்தா, வந்தவரா திரும்பி வந்தவரா. கடைசியில் அகலமாக ஒரு நிரல், அவர் என்ன சொன்னார் என்பதற்கு. 'மஞ்சள் குறைவு', 'பொதி பெரிது, அரைவாசி வேண்டும்', 'மாமிக்கும் ஒன்று' என்று இரண்டு மூன்று சொற்களில் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்கள் இரவில் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். மிளகாய் வாங்கப் போகும் நாளுக்கு முதல்நாள் அந்த நிரலை மட்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.